பழைய கல்லைச் சுரண்டாதீர்கள்!

இங்கிலாந்தில் உள்ள பழைய வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டிலேயே மிக அழகான இடம் எது? அடுப்பு!

சமையல் அடுப்பு அல்ல. குளிர் காயும் அடுப்பு. அதற்குக் "கணப்பு" என்று பெயர்.

கூடத்துச் சுவரில் பெரிய மாடம் போல ஒரு குழி இருக்கும். அதில் நிலக்கரி எரியும். புகை வெளியே போக, மேலே புகைபோக்கி. மாடத்தைச் சுற்றி, வாசலுக்கு நிலை வைத்தது போல, இரண்டு பக்கமும் கல் தூண்கள். தூண்களுக்கு மேல் ஒரு கல் பலகை. இதுதான் கணப்பின் முகப்பு.

பலகையின் மேல் கடிகாரம் இருக்கும். குடும்பப் படம் இருக்கும். கிறிஸ்துமஸ் வந்தால் வாழ்த்து அட்டைகள் வரிசையாக நிற்கும். அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவார்கள். நம் ஊரில் திண்ணை எப்படியோ, அந்த ஊரில் கணப்பு அப்படி.

நூறு, நூற்றைம்பது ஆண்டு ஆன கணப்பு முகப்புகள் இன்றும் ஆயிரக் கணக்கில் இருக்கின்றன. பல முகப்புகள் மங்கிப் போய்விட்டன. அவற்றை மறுபடியும் பளபளக்கச் செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் ஆசைப்படுகிறார்கள்.

ஆசை நல்லதுதான். ஆனால் அந்த ஆசையால்தான் பல கற்கள் பாழாகின்றன. எண்பது ஆண்டுப் புகை கெடுக்காத கல்லை, ஒரு மணி நேரத்தில் மனிதர் கை கெடுத்துவிடுகிறது!

பழைய கல்லுக்கு மெருகு ஏற்றலாம். ஆனால் அது என்ன கல் என்று தெரிந்து கொள்ளாமல் அதன் மேல் கை வைக்கக் கூடாது. கல்லுக்கு வைத்தியம் செய்வதும் மனிதருக்கு வைத்தியம் செய்வது போலத்தான். நோய் தெரியாமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும்?

மெருகு போனது ஏன்?

முதல் காரணம், நிலக்கரிப் புகை. அந்தப் புகையில் கரி உண்டு, கந்தகமும் உண்டு. கரி கல்லின் மேல் படியும். கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

இந்தப் புகை கல்லை மட்டும் கெடுக்கவில்லை. 1952-ம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டன் நகரில் புகையும் மூடுபனியும் கலந்து ஐந்து நாள் கவிந்து நின்றன. பட்டப் பகலில் பாதை தெரியவில்லை. சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். 12,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

அதன் பிறகு, 1956-ம் ஆண்டில், காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. நகரங்களில் நிலக்கரிக் கணப்புகள் அணையத் தொடங்கின. வாயு அடுப்பும் மின்சார அடுப்பும் வந்தன. பல வீடுகளில் கணப்பைப் பலகை வைத்து மூடிவிட்டார்கள். சிலர் முகப்பைப் பெயர்த்து எறிந்தார்கள். சிலர் அதன் மேல் பெயின்ட் அடித்தார்கள்.

அடுத்த தலைமுறைக்குப் பழைய பொருளின் அருமை தெரிந்தது. மூடிய பலகையைப் பிரித்தார்கள். உள்ளே கரி பிடித்து, கறை படிந்து, மங்கிப் போன கல் இருந்தது. "இதைப் பளபளக்கச் செய்வது எப்படி?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

பளபளப்பு என்றால் என்ன?

பளபளப்பு என்பது மேலே பூசும் பொருள் அல்ல. அது கல்லின் வழவழப்பு.

கல்லின் முகம் வழவழப்பாக இருந்தால், அதில் படும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டது போல ஒரே திசையில் திரும்பும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும். முகத்தில் நுண்ணிய கீறல்களும் குழிகளும் இருந்தால், வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். கல் மங்கலாகத் தெரியும்.

மங்கிய கல்லில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே பளபளக்கும்! தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பி, மேல் முகத்தைச் சமமாக்கிவிடுகிறது. காய்ந்ததும் பழையபடி மங்கிவிடும்.

எண்ணெய் தடவுவதும் வார்னிஷ் அடிப்பதும் இதே வித்தைதான். குழி அப்படியே இருக்கும். மேலே மூடி மட்டும் போடுகிறோம். வெள்ளைக் கல்லில் எண்ணெய் தடவினால் நாள்பட மஞ்சள் பூக்கும். பிறகு அந்த மஞ்சளைப் போக்குவது பெரும்பாடு.

புளி போட்டு விளக்கலாமா?

பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டு விளக்குகிறோம். பளிச்சென்று ஆகிறது. கல்லையும் அப்படி விளக்கினால் என்ன?

கூடவே கூடாது! இங்கிலாந்தில் புளிக்குப் பதிலாகக் காடியை, அதாவது வினிகரை, எடுக்கிறார்கள். சிலர் எலுமிச்சம் பழத்தைத் தேய்க்கிறார்கள். வெள்ளைக் கணப்பு முகப்புகள் பெரும்பாலும் சலவைக் கல். அது எதனால் ஆனது? வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பைச் சுட்டு எடுக்கும் சுண்ணாம்புக் கல்லும் சலவைக் கல்லும் ஒரே பொருள்தான். சுண்ணாம்புக் கல் பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து சலவைக் கல்லாக மாறுகிறது.

சுண்ணாம்புக் கல்லில் புளிப்பு பட்டால் நுரைக்கும். அந்த நுரை அழுக்கு போவதால் வருவது அல்ல. கல் கரைவதால் வருவது!

கணப்புப் பலகையின் மேல் திராட்சை மதுக் கிண்ணத்தை வைத்து எடுத்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் தெரியும். எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது போகாது. ஏனென்றால் அது அழுக்கு அல்ல, தழும்பு. மதுவின் புளிப்பு கல்லைத் தின்ற இடம் அது.

நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். அம்மியில் புளி வைத்து அரைக்கிறோம். ஒன்றும் ஆவதில்லை. அது கருங்கல். ஆனால் சமையல் மேடையில் போட்டிருக்கும் கடப்பைக் கல்லில் எலுமிச்சம் பழச் சாறு சிந்தினால் வெளுத்த தடம் விழுகிறது. அது சுண்ணாம்புக் கல். மொசைக் தரையில் பதித்த சலவைக் கல் சில்லுகளும் இதே இனம்தான். அந்தத் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவுகிறவர்கள் அழுக்கோடு மெருகையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்கள்.

வேஷம் போட்ட சிலேட்டு

கணப்பு முகப்பில் இன்னொரு பெரிய ஏமாற்று உண்டு. பார்த்தால் விலை உயர்ந்த சலவைக் கல் போல இருக்கும். பச்சை, சிவப்பு, கறுப்பு என்று அழகான ரேகைகள் ஓடும். ஆனால் அது சலவைக் கல்லே அல்ல. பிள்ளைகள் எழுதும் சிலேட்டு!

வேல்ஸ் நாட்டில் சிலேட்டுக் கல் ஏராளம். அதைப் பலகையாக அறுத்து, மேலே சலவைக் கல் போல வர்ணம் தீட்டி, சூளையில் சுட்டு, மெருகேற்றி விற்றார்கள். மேக்னஸ் என்பவர் இந்தத் தொழிலில் பேர் பெற்றவர். 1851-ம் ஆண்டு லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவருடைய சிலேட்டுச் சாமான்கள் வைக்கப்பட்டன. பணக்காரர் வீட்டில் மெய்யான சலவைக் கல். நடுத்தரக் குடும்பத்தில் வேஷம் போட்ட சிலேட்டு. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான்.

வீட்டுக்காரர் ஒருவர் இதைச் சலவைக் கல் என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். முதல் தேய்ப்பில் அழுக்கு போகும். இரண்டாவது தேய்ப்பில் ரேகை போகும். மூன்றாவது தேய்ப்பில் கறுப்புச் சிலேட்டு பல்லை இளிக்கும்! அந்த வர்ணம் காகிதத்தை விட அதிகக் கனம் இல்லை. போனால் போனதுதான். அந்தக் கையும் அந்தச் சூளையும் திரும்பி வரமாட்டா.

அந்தச் சிலேட்டை வெட்டி எடுத்த வேல்ஸ் தொழிலாளர்கள் கல் தூசியைச் சுவாசித்து நுரையீரல் நோயால் மாண்டார்கள். அவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்க 1979-ம் ஆண்டில்தான் சட்டம் வந்தது. ஒரு கணப்பு முகப்பில் இத்தனை பேருடைய உழைப்பும் உயிரும் அடங்கியிருக்கின்றன. அதைச் சுரண்டித் தள்ள எப்படி மனம் வரும்?

கறுப்புக் கல்லின் கதை

இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்று ஒரு ஜில்லா. அங்கே ஆஷ்போர்டு என்ற கிராமத்தில் ஒரு சுண்ணாம்புக் கல் கிடைத்தது. வெட்டி எடுக்கும்போது சாம்பல் நிறமாக இருக்கும். மெருகு போட்டால் மை போலக் கறுத்துக் கண்ணாடி போல மின்னும். 18-ம் நூற்றாண்டிலேயே தண்ணீர்ச் சக்கரம் வைத்து அந்தக் கல்லை அறுத்து மெருகேற்றினார்கள். அதில் பூவும் இலையும் பதித்துக் கணப்பு முகப்பும் மேஜையும் செய்தார்கள்.

அந்தத் தொழில் நின்று நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இருப்பதைக் கெடுத்தால் புதிதாக வாங்க வழி இல்லை. இந்தக் கல்லில் புளிப்பு பட்டால் கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் திரும்பிவிடும்.

பெரிய இடத்திலும் இந்தத் தவறு!

"தெரியாதவர்கள் செய்யும் தவறு இது" என்று சிலர் நினைக்கலாம். தெரிந்தவர்கள் இடத்திலும் இது நடந்திருக்கிறது.

கிரீஸ் நாட்டின் ஏதென்ஸ் நகரில் பார்த்தினன் என்ற கோவில் இருக்கிறது. கட்டி 2,400 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதன் சலவைக் கல் சிற்பங்களில் பலவற்றை எல்ஜின் பிரபு என்பவர் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். 1816-ம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் அவற்றை விலைக்கு வாங்கி பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்தது.

அந்தச் சிற்பங்களில் காலத்தால் வந்த ஒரு பொன் நிறம் இருந்தது. 1937, 1938-ம் ஆண்டுகளில், புதிய மண்டபத்தில் வைப்பதற்காக அவற்றைச் சுத்தம் செய்தார்கள். சலவைக் கல் என்றால் வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும் என்பது சிலருடைய எண்ணம். வேலையாட்கள் செப்புக் கருவிகளால் சுரண்டினார்கள். கார்பொரண்டம் என்ற உரைகல்லால் தேய்த்தார்கள். சில சிற்பங்களின் மேல் தோலே போய்விட்டது.

1938-ல் விஷயம் வெளிப்பட்டு விசாரணை நடந்தது. அறுபது ஆண்டுக்குப் பிறகும் சர்ச்சை ஓயவில்லை. 1999-ம் ஆண்டில் இதைப் பற்றிப் பேசவே அந்த மியூசியத்தில் அறிஞர்கள் கூடினார்கள்.

உலகப் புகழ் பெற்ற மியூசியத்திலேயே இப்படி என்றால், கையில் இரும்பு நாரோடு நிற்கும் வீட்டுக்காரர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

பெயின்ட்டுக்குள் விஷம்

கல்லுக்கு வரும் ஆபத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது பிள்ளைகளுக்கு வருவது.

பழைய காலத்துப் பெயின்ட்டில் ஈயம் கலப்பது வழக்கம். கணப்பு முகப்பில் நாலைந்து பூச்சு பெயின்ட் இருந்தால், அடிப் பூச்சுகளில் ஈயம் இருக்கக் கூடும். அதை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி பறக்கும். தரையில் படியும். தவழும் குழந்தையின் கைக்கு வரும். கையிலிருந்து வாய்க்குப் போகும்.

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். "இவ்வளவு ஈயம் உடலில் இருந்தால் கெடுதல் இல்லை" என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஆகவே பழைய பெயின்ட்டை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. நெருப்பு காட்டி எரிக்கவும் கூடாது. பெயின்ட்டில் ஈயம் உண்டா என்று முதலில் சோதிக்க வேண்டும். இருந்தால், தெரிந்த தொழிலாளியிடம் விட வேண்டும். வேலை நடக்கும் அறையில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கக் கூடாது.

பளபளப்பான கணப்பு இல்லாமல் வாழலாம். புத்தி மங்கிய பிள்ளையின் வாழ்வுக்கு எந்த மெருகு ஈடாகும்?

சரியான வழி எது?

முதலில், அது என்ன கல் என்று பார்க்க வேண்டும். பலகையின் அடிப்பக்கம், சுவர் ஓரம், உடைந்த மூலை ஆகிய மறைவான இடங்களைப் பார்த்தால் தெரியும். மேலே ரேகையும் உடைந்த இடத்தில் ஒரே கறுப்புமாக இருந்தால் வேஷம் போட்ட சிலேட்டு. ரேகை உள்ளேயும் ஓடினால் மெய்யான சலவைக் கல். காந்தம் ஒட்டினால் அது கல்லே அல்ல, வார்ப்பிரும்பு.

இரண்டாவது, தூசி தட்டுவது. மெல்லிய பிரஷ் போதும்.

மூன்றாவது, கழுவுவது. வெதுவெதுப்பான தண்ணீர். அதில் காரமும் புளிப்பும் இல்லாத சோப்பு சில துளி. மெல்லிய துணி. கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். மேலிருந்து துடைத்தால் அழுக்குத் தண்ணீர் வழிந்து காய்ந்த கல்லில் கோடு விழும். கொஞ்ச இடம் துடைத்ததும் நல்ல தண்ணீரால் அலசி, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பாதிக் கணப்புகளுக்கு இதுவே போதும்!

நான்காவது, கறை எடுப்பது. சலவைக் கல்லுக்குள் இறங்கிய கறையைத் தேய்த்து எடுக்க முடியாது. உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பற்றுப் போடுவது போலப் போட வேண்டும். காயும்போது களிமண் கறையை உறிஞ்சிக் கொள்ளும். பிறகு மரத் துண்டால் மெதுவாக எடுத்துவிட்டுக் கழுவலாம். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை போடலாம். ஆக்ராவில் தாஜ்மகாலின் மஞ்சளைப் போக்க 1994-ம் ஆண்டு முதல் இப்படித்தான் முல்தானி மட்டியால் பற்றுப் போடுகிறார்கள். ஷாஜகான் கட்டிய மாளிகைக்கு ஏற்ற வைத்தியம் ஒரு கணப்புக்கு ஏற்காதா?

ஐந்தாவதுதான் மெருகு. இதுவும் மெய்யான சலவைக் கல்லுக்கு மட்டும். அதிலும் தழும்பு விழுந்த இடத்துக்கு மட்டும். மிக நைசான உப்புத்தாளை, தண்ணீர் விட்டுக் கொண்டே, ஒன்றை விட ஒன்று நைசாக வரிசையாகப் போட வேண்டும். ஒரு தாளை விட்டுத் தாவினால் கீறல் தங்கிவிடும். தண்ணீர் விடுவதால் தூசியும் பறக்காது. கடைசியில் வெள்ளீயத்திலிருந்து செய்யும் மெருகுப் பொடியை ஈரக் கம்பளித் துணியில் தொட்டுத் தேய்த்தால் கண்ணாடி போல மின்னும். கல் தச்சர்கள் பரம்பரையாகச் செய்து வந்த முறை இது. பழக்கம் இல்லாதவர் தானே செய்து பார்ப்பதை விட, தெரிந்த கல் தச்சரைக் கூப்பிடுவது நல்லது.

வேஷம் போட்ட சிலேட்டுக்கு இது எதுவும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, நிறமற்ற மெழுகை மிக மெல்லியதாகத் தடவி, மெல்லிய துணியால் தேய்த்தால் போதும். அடுப்பு எரியும்போது மட்டும் மெழுகு தடவக் கூடாது. கல் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

எந்த வேலையானாலும் மறைவான இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் செய்து பார்த்து, ஒரு நாள் பொறுத்து, அதன் பிறகே மேலே செல்ல வேண்டும்.

"இயந்திரம் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு?"

இப்படிச் சிலர் கேட்கிறார்கள். இயந்திரத்தைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் புதுக் கல் போல ஆகிவிடும் என்கிறார்கள்.

உண்மைதான். புதுக் கல் போலத்தான் ஆகும். புதுக் கல் வேண்டும் என்றால் கடையில் புதுக் கல்லையே வாங்கலாமே! இயந்திரம் அழுக்கை மட்டும் எடுக்காது. உளி வைத்து வெட்டிய இலையின் கூர்மையையும், பூவின் இதழையும் சேர்த்து மழுக்கிவிடும். நூறு ஆண்டாகப் பல கைகள் பட்டுப் பட்டு வந்த வழவழப்பும் போய்விடும்.

பாட்டியின் முகத்தில் சுருக்கம் இருக்கிறது. முகம் கழுவிவிடலாம், தலை வாரிவிடலாம். சுருக்கத்தை இழைப்புளி போட்டு இழைக்கலாமா?

சின்னத் தழும்பு இருந்தால் இருக்கட்டும். அது அந்த வீட்டின் கதை. அழுக்கு வேறு, வயது வேறு. அழுக்கைப் போக்க வேண்டும். வயதை மதிக்க வேண்டும்.

அங்கே கணப்பு என்றால், இங்கே பாட்டன் போட்ட கல் தரை. எந்தக் கல்லானாலும் நியாயம் ஒன்றுதான். கையில் ஆசிட் பாட்டிலை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். "இது என்ன கல்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பாட்டிலைக் கீழே வையுங்கள்.

பொறுத்தால் நாளைக்குத் தெரிந்து கொண்டு செய்யலாம். சுரண்டிவிட்டால், கரைந்த கல் திரும்பி வராது!